பிள்ளை போத்தலைத் தள்ளிவிட்டால்...

சென்ற ஆண்டு, வெங்காயத்துக்குப் புல்லுப் பிடுங்குகிற காலம். யாழ்ப்பாணத்துக் கிராமம் ஒன்றில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் இருக்கும் குடியிருப்புக்கு ஒரு புதன்கிழமை காலை போயிருந்தோம். விதை வெங்காயம் பற்றிக் கதைக்கத்தான் போனோம். ஆனால் முதல் வீட்டுத் திண்ணையிலேயே எங்கள் கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது.

அங்கே ஓர் அம்மம்மா நான்கரை மாதப் பேரனை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் பால் நிறைந்த போத்தல். சூப்பியை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோன உடனேயே பிள்ளை தலையைத் திருப்பி, முதுகை வளைத்து, வீரிட்டுக் கத்தினான்.

"திங்கட்கிழமை தொடக்கம் இப்பிடித்தான் பிள்ளையள். போத்தலைக் கண்டாலே கத்துறான். நாவூறு கழிச்சும் பார்த்தாச்சு. பால்மாவை மாத்தியும் பார்த்தாச்சு. இவள் இண்டைக்கும் வேலைக்குப் போகேல்லை" என்றார் அம்மம்மா.

தாய் வாசலில் நின்றார். வெங்காயத் தோட்டத்தில் கூலிக்குப் போகிறவர். மூன்று நாட்களாக வேலைக்குப் போகவில்லை. போனால் பிள்ளை பகல் முழுதும் பட்டினி, போகாவிட்டால் வீட்டில் உலை வைக்க வழியில்லை. கணவனுக்கும் அந்தக் கிழமை வேலை கிடைத்திருக்கவில்லை.

சொந்தக் காணி இருந்த காலத்தில் தாய் தன் தோட்டத்திலேயே வேலை செய்தாள். பிள்ளை வேம்பின் கீழ் ஏணையில் கிடந்தது. அழுதால் தூக்கிப் பால் கொடுத்துவிட்டு மீண்டும் வேலைக்குப் போனாள். காணியை விட்டு வந்தபின் வேலை பிறருடைய தோட்டத்தில். நேரமும் பிறருடைய நேரம். ஆகவேதான் இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குள் போத்தல் சுலபமாக நுழைந்துவிடுகிறது. அந்தப் போத்தலையும் பிள்ளை மறுத்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது.

இந்தக் கட்டுரை அந்தக் கலக்கத்தைப் பற்றியது.

போத்தலை மறுப்பது வேறு, பாலை மறுப்பது வேறு

அன்று நாங்கள் அப்பகுதிக் குடும்பநல மருத்துவமாதுவை அழைத்து வந்தோம். அவர் போத்தலைத் தொடவேயில்லை. "இரவில் தாயிடம் குடிக்கிறானா? நேற்றையிலிருந்து எத்தனை தரம் சலம் போனான்?" என்றுதான் முதலில் கேட்டார்.

இரவில் தாயிடம் கொஞ்சம் குடிக்கிறான். ஆறு தரம் சலம் போயிருக்கிறான். காய்ச்சல் இல்லை. ஆளைப் பார்த்துச் சிரிக்கிறான்.

"அப்ப இவன் பாலை மறுக்கேல்லை அம்மா. போத்தலைத்தான் மறுக்கிறான்" என்றார் அவர்.

எல்லாத் தாய்மாரும் மனதில் வைத்திருக்க வேண்டியது இதுதான். போத்தலை மட்டும் மறுக்கும் பிள்ளைக்கு வேறு வழியால் பால் கொடுக்கலாம். எதையுமே குடிக்காத பிள்ளைக்கு வைத்தியம் வேண்டும். இரண்டையும் வேறாக்கிப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

காலம் தாழ்த்தக்கூடாத அறிகுறிகள்

கீழே சொல்பவற்றில் ஒன்று இருந்தாலும் கைமருந்து பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

- தாயிடமும், கரண்டியாலும், எந்த வழியாலும் குடிக்க முடியாதிருத்தல், குடித்ததெல்லாவற்றையும் வாந்தியெடுத்தல்
- எழுப்பினாலும் எழும்பாத சோர்வு, மயக்கம், வலிப்பு
- மூச்சு வேகமாதல் (2 மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது கூட, 2 மாதம் தொடக்கம் ஒரு வயது வரை 50 அல்லது கூட), மூச்சு எடுக்கும்போது நெஞ்சின் கீழ்ப்பகுதி உள்ளே போதல்
- உச்சிக்குழியும் கண்களும் குழிவிழுதல், சலம் வெகுவாகக் குறைதல்
- மலத்தில் இரத்தம்
- மூன்று மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்குக் காய்ச்சல், அல்லது உடல் குளிர்ந்துபோதல்

வாகனம் இல்லையென்றால் 1990 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுங்கள். நோயாளர் காவு வண்டி இலவசமாக வரும்.

பிள்ளை ஏன் மறுக்கிறது?

ஆபத்தான அறிகுறி எதுவும் இல்லையென்றால் நிதானமாகக் காரணத்தைத் தேடலாம். பேச முடியாத பிள்ளை தன் மறுப்பால்தான் பேசுகிறது.

மூக்கடைப்பு ஒரு காரணம். மூக்கால் மூச்சு விட முடியாத பிள்ளை வாயில் சூப்பியை வைத்துக்கொண்டு எப்படி மூச்சு விடும்? பருக்கமுன் மூக்கைத் துப்புரவாக்குங்கள். இதற்கான உப்புநீர்த் துளிகள் மருந்துக்கடையில் கிடைக்கும்.

வாய்க்குள் பாருங்கள். நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் பால் திரைபோல வெள்ளைப் படலம் இருந்து, துடைத்தாலும் போகாவிட்டால் அது ஒருவகைப் பூஞ்சணத்தால் வரும் வாய்ப்புண். மருந்து போட்டால் மாறும். காதுக்குள் நோ இருந்தாலும் உறிஞ்சும்போது பிள்ளை அழும். பல் முளைக்கும் காலத்தில் முரசு நோகும். 2, 4, 6 மாதங்களில் தடுப்பூசி போட்ட பின் ஓரிரு நாட்கள் சில பிள்ளைகள் குறைவாகக் குடிப்பதும் உண்டு.

பிள்ளையில் குறையில்லையென்றால் போத்தலைப் பாருங்கள். சூப்பி பழசாகிப் பிசுபிசுக்கிறதா? ஓட்டை சிறிதானால் பிள்ளை உறிஞ்சிக் களைத்துவிடும். பெரிதானால் பால் பாய்ந்து புரைக்கேறும். பால் சூடு கூடினாலும், பால்மா மாறினாலும் மறுக்கும். தாயின் மார்பில் குடித்துப் பழகிய பிள்ளைக்கு றப்பர் சூப்பி பிடிக்காமலே போகலாம். மார்பில் நாக்கும் தாடையும் வேலை செய்யும் விதம் வேறு, போத்தலில் வேறு. மூன்று, நான்கு மாதம் ஆகும்போது பிள்ளை சுற்றிவரப் பார்க்கவும், தாயையும் மற்றவரையும் பிரித்தறியவும் தொடங்குகிறது. அதுவரை பேசாமல் குடித்தது அப்போது மறுக்கத் தொடங்குவதில் புதுமையில்லை.

நாங்கள் போன வீட்டில் காரணம் அம்மம்மாவின் வாயிலிருந்தே வந்தது. பிள்ளை மெதுவாகக் குடிக்கிறான் என்று முதல் கிழமை ஊசியைச் சூடாக்கிச் சூப்பியின் ஓட்டையைப் பெருப்பித்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பால் பாய்ந்து பிள்ளைக்குப் புரைக்கேறி, கண் பிதுங்கி, கொஞ்ச நேரம் எல்லாரும் பயந்துபோனார்கள். அடுத்த நாள் தொடக்கம் போத்தல் வேண்டாம். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா?

"நான்தான் பிள்ளையைக் கெடுத்துப்போட்டன்" என்று அம்மம்மா அழத் தொடங்கினார். மருத்துவமாது அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, "பசியாறட்டும் எண்டுதானே அம்மா செய்தனீங்கள்" என்றார். இப்படியான வேளையில் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதால் பிள்ளையின் வயிறு நிறையாது.

செய்யக்கூடாதவை

ஆற்றாமையால் நாம் செய்யும் சில காரியங்கள் மறுப்பை விடவும் ஆபத்தானவை.

மூக்கைப் பொத்தி வாயைத் திறக்கவைத்து ஊற்றாதீர்கள். பால் சுவாசப்பைக்குள் போய்விடும். படுக்கவைத்துப் போத்தலைத் தலையணையில் முட்டுக்கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். இனிக்கட்டும் என்று சீனியோ தேனோ சேர்க்காதீர்கள். ஒரு வயதுக்கு முன் தேன் கொடுக்கவே கூடாது. அதனால் பிள்ளைக்குக் கொடிய நோயொன்று வரக்கூடும். பால்மா முடியப்போகிறதென்று தண்ணீரைக் கூட்டிக் கரைத்தால் பிள்ளை வயிறு நிறைந்தும் மெலியும். ரின்பாலும், பெரியவர்களின் தேநீருக்குப் போடும் பால்மாவும் கைக்குழந்தைக்கு உரியவையல்ல. ஆறு மாதத்துக்கு முன் கஞ்சியும், விசுக்கோத்துக் கரைசலும், வெறும் தேநீரும் வேண்டாம்.

"பசித்தால் தானாகக் குடிப்பான், விடு" என்று நாள் முழுதும் விட்டுவிடுவதும் பிழை. சின்னப் பிள்ளை சீக்கிரம் களைத்துவிடும். களைத்த பிள்ளை இன்னும் குறைவாகவே குடிக்கும்.

கோப்பையால் பருக்குதல்

மருத்துவமாது கேட்ட அடுத்த கேள்வி: "வீட்டில் சின்னக் கோப்பை இருக்கா?"

பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இது. பிறந்த குழந்தைகூடக் கோப்பையால் குடிக்கும். மாதம் குறைந்து பிறந்து, உறிஞ்சப் பலமில்லாத குழந்தைகளுக்கும் வைத்தியசாலைகளில் இப்படித்தான் பருக்குகிறார்கள். இதற்குப் புதிதாக எதுவும் வாங்கத் தேவையில்லை. மூலை முடுக்கு இல்லாத, விளிம்பு மழமழப்பான சிறு எவர்சில்வர் கோப்பை போதும்.

செய்யும் முறை:

1. கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். கோப்பையையும் நன்றாகக் கழுவிக் கொதிநீரில் போட்டெடுங்கள்.
2. பிள்ளை விழித்திருக்க வேண்டும். கடும் பசியில் கத்தத் தொடங்கமுன் ஆரம்பியுங்கள். மடியில் நிமிர்த்தி இருத்தி, தலையையும் முதுகையும் தாங்கிக்கொள்ளுங்கள். கை தட்டாதபடி துணியால் சுற்றலாம். கழுத்தின் கீழ் ஒரு துண்டு விரியுங்கள்.
3. கோப்பையின் விளிம்பைக் கீழ் உதட்டில் மெதுவாக வையுங்கள். பால் உதட்டைத் தொடுமளவுக்கு மட்டும் சரியுங்கள்.
4. பாலை வாய்க்குள் ஊற்றாதீர்கள். சின்னப் பிள்ளை நாக்கை நீட்டி நக்கிக் குடிக்கும். வளர்ந்த பிள்ளை உறிஞ்சும். வேகத்தைப் பிள்ளையே தீர்மானிக்கட்டும்.
5. பிள்ளை நிறுத்தினால் நீங்களும் பொறுங்கள். வாயை மூடித் தலையைத் திருப்பினால் போதும் என்று அர்த்தம். அரை மணித்தியாலத்துக்கு மேல் போராட வேண்டாம்.

முதல் நாள் பாதிப் பால் துண்டில்தான் ஊறும். மனம் தளராதீர்கள். ஒரு நேரம் குறைவாகக் குடித்த பிள்ளை அடுத்த நேரம் கூடக் குடிக்கும். ஆகவே ஒவ்வொரு நேரக் கணக்கையும் பார்க்காமல் 24 மணித்தியாலக் கணக்கைப் பாருங்கள். முழுதும் கோப்பையாலேயே குடிக்கும் பிள்ளைக்கு, ஆறு மாதம் வரை, ஒரு கிலோ நிறைக்கு ஒரு நாளுக்குச் சுமார் 150 மில்லிலீற்றர் பால் வேண்டும். 6 கிலோ நிறையுள்ள பிள்ளைக்கு 900 மில்லிலீற்றர். ஆறு தரமாகப் பிரித்தால் ஒரு தரத்துக்கு 150. தாயிடமும் குடிக்கும் பிள்ளைக்கு இவ்வளவு தேவைப்படாது. நாளுக்கு ஆறு தரமாவது சலம் போகிறதா, கிளினிக்கில் நிறை ஏறுகிறதா என்பதே நம்பக்கூடிய அளவுகோல்.

கோப்பையைக் கண்டதும் அம்மம்மாவுக்கு ஒரு ஞாபகம் வந்தது. 1990ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் வலிகாமம் வடக்கை விட்டு வெளிக்கிட்டபோது, இன்று வாசலில் நிற்கும் இதே மகள்தான் அவருடைய கைக்குழந்தை. "அண்டைக்குப் போத்தலுக்கு எங்கை போறது? எனக்குக் காய்ச்சல் வந்து கிடக்கேக்கை, என்ரை பாலை எடுத்து அம்மா சங்காலைதான் பருக்கினவ. நான் அதை மறந்தே போனன்" என்றார்.

சங்கும் நல்லதுதான், உள்ளே அழுக்குத் தங்காத வடிவமாகவும் கொதிநீரில் போடக்கூடியதாகவும் இருக்க வேண்டும். மூக்குப்பேணி மட்டும் வேண்டாம். அதன் மூக்குக்குள் தேங்கும் பாலைக் கழுவி எடுப்பது கடினம்.

போத்தலில் உள்ள பெரிய குறையும் அதுவே. கழுத்திலும் சூப்பியின் மடிப்பிலும் பால் தங்கும். தண்ணீரும் விறகும் தட்டுப்பாடான இடத்தில் ஒவ்வொரு தரமும் போத்தலை அவிப்பது எத்தனை பேரால் முடியும்? இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாப் பகுதியில் 2006ஆம் ஆண்டு வைகாசியில் பூமி அதிர்ச்சி வந்தபோது பால்மா இலவசமாகப் பங்கிடப்பட்டது. பின்னர் ஆராய்ந்து பார்த்ததில், அந்தப் பால்மா கிடைத்த குழந்தைகளிடையே வயிற்றோட்டம் மற்றக் குழந்தைகளை விட ஏறக்குறைய இரண்டு மடங்காக இருந்தது. உதவி என்று வந்ததே உபத்திரவமாயிற்று.

கோப்பைக்குள் என்ன பால்?

முதலிடம் தாயின் பாலுக்கே. கைகளைக் கழுவி, பெருவிரலை முலைக்காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்துக்கு மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமர்த்தி விடவேண்டும். காம்பை இழுக்கக்கூடாது, நோகக்கூடாது. வட்டத்தைச் சுற்றி இடத்தை மாற்றி மாற்றிச் செய்து, இரு மார்பிலும் 20 முதல் 30 நிமிடம் எடுக்கலாம். முதலில் சொட்டுச் சொட்டாகத்தான் வரும்.

எடுத்த பாலை மூடிய பாத்திரத்தில், ஈரமணலில் வைத்த மண்பானை போன்ற குளிர்ந்த இடத்தில் வையுங்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் நான்கு மணித்தியாலத்துக்குள், கடும் வெயில் நாளில் அதற்கும் முந்திப் பருக்கிவிடுங்கள். சூடாக்க வேண்டுமானால் பாத்திரத்தை இளஞ்சூட்டு நீரில் வையுங்கள். அடுப்பில் காய்ச்சாதீர்கள்.

தாய்ப்பால் கிடைக்கவே வழியில்லாத பிள்ளைக்குக் கைக்குழந்தைக்குரிய பால்மா வேண்டித்தான் இருக்கும். தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, அரை மணித்தியாலத்துக்கு மேல் ஆறவிடாமல், சூடு இருக்கும்போதே மாவைக் கரையுங்கள்; மாவுக்குள் இருக்கக்கூடிய கிருமியும் அந்தச் சூட்டில்தான் சாகும். பேணியில் சொல்லிய அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். பிறகு பாத்திரத்தைத் தண்ணீருக்குள் வைத்து ஆற்றி, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுங்கள். இரண்டு மணித்தியாலம் கடந்ததையும் பிள்ளை குடித்து விட்ட மிச்சத்தையும் ஊற்றிவிடுங்கள்.

வற்றிய பால் திரும்புமா?

"எனக்குப் பால் வத்திப்போச்சு" என்றார் அந்தத் தாய். மாடு வளர்த்த எங்களுக்கு இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லத் தேவையில்லை. கன்று முட்ட முட்டத்தானே மாடு சுரக்கும்? கன்றைப் பிரித்துக் கட்டி, கறக்காமலும் விட்டால் மடி வற்றும். தாய்க்கும் அப்படியே. பிள்ளை உறிஞ்ச உறிஞ்ச, எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். இறைக்கிற கிணறுதான் ஊறும்.

ஆகவே குறைந்துபோன பாலைத் திரும்பக் கொண்டுவரலாம். பகலும் இரவுமாக எட்டுத் தொடக்கம் பன்னிரண்டு தரம் பிள்ளையை மார்பில் விடுங்கள். இரவில் பக்கத்திலேயே கிடத்துங்கள். பிள்ளை உறிஞ்சச் சலித்தால், கோப்பைப் பாலில் சில சொட்டுகளை மார்பில் விட்டு ருசி காட்டுங்கள். சிலருக்குச் சில நாட்களில், சிலருக்குச் சில கிழமைகளில் பால் கூடும். அதுவரை மற்றப் பாலைத் திடீரென நிறுத்தக்கூடாது. நிறையையும் சலத்தையும் பார்த்துப் பார்த்து மருத்துவமாதுவின் ஆலோசனையுடன் குறையுங்கள்.

ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பாலே போதும், தண்ணீர்கூட வேண்டாம். அதன்பின் மசித்த சோறும் பருப்பும் கீரையும் மீனும் தொடங்கும். பாலும் தொடர வேண்டும். அந்த வயதுப் பிள்ளை போத்தலை மறுத்தால் திரும்பப் பழக்க முயலவே வேண்டாம். கோப்பைக்கு மாற அதுவே நல்ல தருணம்.

வேலைக்குப் போகும் தாய்

இவ்வளவும் சரி, கூலிக்குப் போகிறவள் என்ன செய்வாள்? அன்று அந்தத் திண்ணையிலேயே இதற்கும் வழி பார்த்தோம்.

விடிய எழும்பியதும் ஒரு தரம், வேலைக்கு வெளிக்கிடமுன் ஒரு தரம் மார்பில் கொடுப்பது. வெளிக்கிடமுன் எடுக்கும் பாலை அம்மம்மா முதலில் கோப்பையால் பருக்குவது. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தகப்பன் பிள்ளையைத் தோட்டத்தடிக்குக் கொண்டுபோவது. பின்னேரம் வந்தவுடன் மீண்டும் மார்பில். இரவு முழுதும் தாயிடம். இடையில் போதாததற்கு மட்டும் பால்மா, அதுவும் கோப்பையால்.

தோட்டக்காரருடன் கூடவேலை செய்யும் பெண்கள் கதைத்தார்கள். அவரும் மத்தியானம் அரை மணித்தியாலம் விட இணங்கினார். தனியாகக் கேட்கத் தயங்குவதை நாலுபேர் சேர்ந்து கேட்டால் கிடைக்கும்.

ஒரு கவனம். மருந்தடிக்கும் நாளில் பிள்ளையைத் தோட்டத்துக்குக் கிட்டக் கொண்டுபோகாதீர்கள். மருந்தடித்த பயிருக்குள் வேலை செய்த தாய், கை முகம் மார்பைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுப்பை மாற்றிய பின்னரே பிள்ளையைத் தூக்க வேண்டும்.

பிறகு நடந்தது

புதன்கிழமை மத்தியானம் பிள்ளை குடித்தது நாலைந்து வாய்தான். துண்டு நனைந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கோப்பையைக் கண்டதும் வாயைத் திறந்தான். திங்கட்கிழமை தாய் வேலைக்குப் போனார். ஒரு மாதம் கழித்து நாங்கள் விதை வெங்காயத்துடன் போனபோது, பால்மாப் பேணி இரண்டு கிழமைக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்திருந்தது. பிள்ளையின் நிறைக்கோடு மேலே ஏறியிருந்தது.

"போத்தல் எங்கை அம்மா?" என்று கேட்டோம். அம்மம்மா வளையில் கட்டியிருந்ததைக் காட்டினார். சூப்பி இல்லை, சாம்பலில் புரட்டிய கத்தரி விதை இருந்தது.

எங்கள் காணியும் கிணறும் எங்கள் கையில் இல்லாத காலத்திலும் சில காரியங்கள் எங்கள் கையிலேயே இருக்கின்றன. உங்கள் குடியிருப்பில் பிள்ளை போத்தலை மறுக்கிறது என்று ஒரு தாய் கலங்கினால், புத்தி சொல்லுமுன் அவளருகில் இருந்து கோப்பையைப் பிடித்துக் காட்டுங்கள்.

நினைவில் வைக்க

- எதையுமே குடிக்காவிட்டால் உடனே வைத்தியசாலை.
- போத்தலை மட்டும் மறுத்தால் காரணத்தைத் தேடுங்கள், வற்புறுத்தாதீர்கள்.
- போத்தலுக்குப் பதில் சுத்தமான சிறு கோப்பை.
- கோப்பைக்குள் முதலில் தாயின் பால்.
- வற்றிய பால் திரும்பும். பிள்ளையை மார்பில் விடுங்கள்.
- ஆறு தரம் சலம், ஏறும் நிறை: இவையே சாட்சி.